லாச்சப்பலில் பாகற்காயும் பத்தியமும்

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, லாச்சப்பல் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் கடைத்தெருவில் நீரிழிவுக்கான நாட்டு மருந்துச் சரக்குகள் ஏறத்தாழ 40 ஆண்டுகளாக விற்பனையாகி வருகின்றன. ஆனாலும் அவற்றுக்கென்று ஒரு மருந்துக்கடை அங்கே உருவாகவில்லை. பாகற்காய் காய்கறிக் கூடையில் கிடக்கும். வெந்தயம் சீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஆவாரம்பூவோ நாவல்கொட்டைத் தூளோ வேண்டுமென்றால் தேயிலைப் பெட்டிகள் இருக்கும் தட்டில் தேட வேண்டும். சரக்கு கடல் கடந்து வந்துவிட்டது. அதை அளவறிந்து கொடுத்துப் பத்தியம் சொல்லும் பரியாரி கூட வரவில்லை. அதற்குக் காரணம் குடிபெயர்வு மட்டுமன்று, பிரெஞ்சுச் சட்டமும்தான்.

லாச்சப்பல் 1860 வரை பாரிஸ் எல்லைக்கு வெளியே இருந்த கிராமம். 1846இல் கார் து நோர் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து கிடங்குகளும் தொழிலாளர் குடியிருப்புகளுமாக அது மாறியது. பாரிஸுக்கு முன்னதாக வந்த தமிழர்கள் புதுச்சேரி, காரைக்கால் பகுதியினர். பிரெஞ்சிந்தியப் பகுதிகளை இந்தியாவுக்குக் கையளிக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களில் பலர் பிரான்சில் குடியேறினர். 1970களில் சற்றுத் தெற்கே பசாஜ் பிராடி என்னும் கூரையிட்ட கடைச்சந்தில் இந்திய உணவகங்களும் மளிகைக் கடைகளும் தோன்றின. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பிறகு அங்கிருந்து தமிழ் இளைஞர்கள் அகதிகளாக வந்து சேர்ந்தபோதுதான் லாச்சப்பல் தமிழர் கடைத்தெருவாகியது. ஃபோபூர் சென் தெனி, கை, பெர்தொனே தெருக்களில் கடைகள் பெருகின. மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் எழுந்தது.

வந்தவர்களுடன் வந்த மருத்துவ அறிவை ஆயுர்வேதம் என்ற ஒரே பெயரில் அடைப்பது பிரெஞ்சு வழக்கம். யாழ்ப்பாணத்தார் வீட்டு வைத்தியம் பெரிதும் சித்த மருத்துவ மரபைச் சேர்ந்தது. இலங்கையின் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயுர்வேதம் என்ற தலைப்பின் கீழேயே சித்தம், யுனானி இரண்டையும் அடக்கியது என்பதால் பிரெஞ்சுக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நீரிழிவைப் பொறுத்தவரை இரு மரபுகளும் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. ஆயுர்வேத மூலநூலாகிய சரக சம்ஹிதை பிரமேகம் என்ற நோய்த்தொகுதியை 20 வகையாகப் பிரிக்கிறது: கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4. வாத வகையில் ஒன்றுதான் தேன்போன்ற சிறுநீர் கழியும் மதுமேகம். சுகமாக உட்கார்ந்தே இருத்தல், மிகுந்த தூக்கம், தயிர், பால், புது அரிசி, வெல்லப் பண்டங்கள் ஆகியவற்றை நோய்க்குக் காரணமாக அந்நூல் அடுக்குகிறது. நோயாளிக்கு அது முதன்மையாகச் சொல்லும் தானியம் வாற்கோதுமை.

மற்றோர் ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிறப்பிலேயே வரும் பிரமேகம், தகாத உணவாலும் நடத்தையாலும் வரும் பிரமேகம் என்று இரண்டாகப் பிரித்து, முன்னதில் நோயாளி மெலிந்தும் பின்னதில் பருத்தும் இருப்பான் என்கிறார். அவர் தரும் சிகிச்சையில் மருந்தைவிட உழைப்பு சுவையானது. பொருள் இல்லாத நோயாளி செருப்பும் குடையும் இன்றிப் பிச்சையேற்று உண்டு 100 யோசனை தூரம் நடக்க வேண்டும். அல்லது கிணறு வெட்ட வேண்டும். கற்பனைக்கு இடம் தரும் பகுதி இது. ஆனால் சொல்ல வந்த விஷயம் தெளிவு: குறைத்து உண், உடலை உழைக்க வை.

யாழ்ப்பாணத்தில் முதியோர் இந்நோயைச் சலரோகம் என்பர். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து மருத்துவ நூல்களாகிய செகராசசேகரமும் பரராசசேகரமும் அங்குள்ள பரியாரிமாருக்கு ஆதாரம். பரராசசேகரத்தில் மேகரோகத்துக்கென்று தனிப் பகுதி உண்டு. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பரவலாக வழங்கும் ஆவாரைக் குடிநீர் ஏழு சரக்குகள் சேர்ந்தது: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை. குடிநீர் என்றால் காய்ச்சி வற்றவைத்த கஷாயம். பரியாரி இதை நாடி பார்த்து, வயது பார்த்து, எத்தனை நாள், எந்த உணவோடு என்று வரையறுத்துத்தான் கொடுப்பார். மருந்தின் பாதி பத்தியம்.

லாச்சப்பல் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே ஐரோப்பிய நீரிழிவு மருத்துவத்தின் வரலாறும் நடந்திருக்கிறது. குளோத் பெர்னார் பாரிஸில் 1848இல் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்று காட்டினார்; 1857இல் அதன் சேமிப்பு வடிவமான கிளைகோஜனைப் பிரித்தெடுத்தார். சர்க்கரை உணவிலிருந்து மட்டுமே இரத்தத்துக்கு வருகிறது என்ற நம்பிக்கை அதோடு முறிந்தது. ஆனால் நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அவரைவிட அப்போலினேர் புஷார்தாதான் முக்கியமானவர். ஒத்தேல் தியே மருத்துவமனையின் தலைமை மருந்தாளராக இருந்தவர். 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு நகரம் பட்டினி கிடந்தபோது, தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்தும் சிலரிடம் மறைந்தும் போனதை அவர் கவனித்தார். உணவைக் குறைத்தல், மாப்பொருளைத் தவிர்த்தல், கோதுமையின் பசைப்புரதத்தால் செய்த ரொட்டி, கடும் உடலுழைப்பு, தினமும் தன் சிறுநீரைத் தானே சோதித்தல் என்று அவர் வகுத்த முறையை ஒரு யாழ்ப்பாணத்துப் பரியாரியிடம் சொல்லியிருந்தால், ரொட்டி ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் தலையாட்டியிருப்பார். அடுத்த தலைமுறையில் எத்தியேன் லான்செரோ மெலிந்தோர் நீரிழிவு, பருத்தோர் நீரிழிவு என்று நோயை இரண்டாகப் பிரித்தார். சுசுருதர் கண்ட அதே வேறுபாடு. ஆனால் லான்செரோ மெலிந்தோர் நீரிழிவைக் கணையத்தோடு தொடர்புபடுத்தினார். பழைய நூல்களில் கணையத்துக்கு அந்த இடம் இல்லை.

கீழைநாட்டு மூலிகைகளும் அதே காலத்தில் ஐரோப்பாவை எட்டின. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபதாண்டுகளில் நாவல்கொட்டைத் தூள் ஐரோப்பிய மருத்துவர்களால் நீரிழிவுக்குச் சோதிக்கப்பட்டது. ஊட்டியில் சென்னை அரசின் கொயினா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் சிறுகுறிஞ்சானை ஆராய்ந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தார். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சீனியை வாயில் போட்டால் மணலைப்போல் இருக்கும். இனிப்பு சிறிதுநேரம் நாக்குக்கு எட்டாது. 1921இல் டொரொன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த ஆர்வம் வடிந்தது.

முழுவதும் வடியவில்லை என்பதற்குப் பாரிஸே சாட்சி. ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் வளரும் கலேகா என்ற ஊதாப்பூச் செடியிலிருந்து ஜோர்ஜ் தான்ரே 1914இல் கலேஜின் என்ற பொருளைப் பிரித்தார். அது இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதைப் பயிற்சிக் காலத்தில் பித்தியே மருத்துவமனையில் ஆராய்ந்த ஜான் ஸ்டேர்ன், பின்னர் பாரிஸை அடுத்த சுரேனில் இருந்த அரோன் ஆய்வகத்தில், அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை நோயாளிகளிடம் சோதித்து 1957இல் முடிவுகளை வெளியிட்டார். மெட்ஃபார்மின் 1922இலேயே டப்ளினில் செயற்கையாகச் செய்யப்பட்டிருந்தது. யாரும் அதை நீரிழிவு மருந்தாக முறையாகப் பார்க்கவில்லை. இன்று சென்னை முதல் லாச்சப்பல் வரை நீரிழிவுக்காரர் பலரும் விழுங்கும் குளிசை அதுதான். நாட்டு மருந்தை நம்புவோர் அதை வெறும் இரசாயனம் என்று ஒதுக்குவதும், மாத்திரையை நம்புவோர் மூலிகையை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் இந்த வரலாற்றைத் தெரியாமல் பேசுவது.

இத்தனைக்கும் பிறகு பிரான்சில் மூலிகையை யார் விற்கலாம் என்பது சட்டப் பிரச்சினை. 1803ஆம் ஆண்டுச் சட்டம் மூலிகை வணிகருக்குத் தனிச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. 1941 செப்டம்பரில் போர்க்கால விஷி அரசு அச்சான்றிதழை ஒழித்தது. மருத்துவ மூலிகை விற்பனை மருந்தகங்களின் உரிமையாயிற்று. 1979இல் 34 தாவரங்களும், 2008ஆம் ஆண்டு ஆணையால் 148 தாவரங்களும் பொதுக் கடைகளுக்குத் திறந்துவிடப்பட்டன. மருத்துவப் பட்டமின்றி நோயைக் கணித்துச் சிகிச்சை சொல்பவருக்கு இரண்டாண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆயுர்வேதமோ சித்தமோ அங்கே மருத்துவ முறையாக அங்கீகரிக்கப்படவில்லை. இதனால் ஆயுர்வேதம் என்ற பெயர்ப்பலகை பிரான்சில் பெரும்பாலும் எண்ணெய் தேய்ப்புக்கும் ஓய்வுக்கும் உரியதாகச் சுருங்கியது. நீரிழிவுச் சரக்குகள் உணவுப் பொருளாக மளிகைத் தட்டில் ஒதுங்கின. கடைக்காரர் பாகற்காய் விற்கலாம். அது சர்க்கரையைக் குறைக்கும் என்று எழுதி ஒட்டினால் வேறு கதை.

அந்தத் தட்டில் உள்ளவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. வெந்தயத்துக்கு ஆதாரம் ஓரளவு உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயத் தூளை நாளொன்றுக்கு 100 கிராம் உணவில் சேர்த்தபோது வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. 100 கிராம் என்பது ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும் வெந்தயம்; இரவில் ஊறவைத்துக் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டியோடு அதை ஒப்பிட முடியாது. வெந்தயத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம் இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதாக 1998இல் ஆய்வு வெளியிட்டவர்கள் பிரான்சின் மொன்பெலியே நகர ஆய்வாளர்களே. கடலழிஞ்சில் மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி, காலையில் அது செம்பழுப்பாக மாறியதும் குடிப்பது இலங்கையில் பழைய வழக்கம். மாப்பொருள் குடலில் சர்க்கரையாவதைத் தாமதிக்கும் சலாசினோல் என்ற பொருளை அதே இனத் தாவரத்திலிருந்து ஜப்பானியர் 1997இல் பிரித்தனர்.

பாகற்காயின் நிலை விசித்திரம். எல்லோரும் நம்புவது அதைத்தான். மனிதரிடம் செய்த ஆய்வுகள் போதாது என்று மதிப்பீடுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதைப் பற்றித்தான். சமையலும் விஷயத்தைக் குழப்புகிறது. சிறிய மிதிபாகலோ நீண்ட கொம்புப் பாகலோ, மெல்லிய வட்டமாக அரிந்து உப்பிட்டுப் பிழிந்து எண்ணெயில் பொரித்துத் தேங்காய்ப்பாலில் போட்டால் யாழ்ப்பாணத்துக் கறி. புளியும் வெல்லமும் சேர்த்தால் தமிழ்நாட்டுக் குழம்பு. கசப்பு போவதற்காகச் சேர்ப்பதைக் கணக்கில் எடுத்தால் மருந்து எங்கே முடிகிறது, விருந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

பலன் இல்லை என்பதைவிடப் பலன் கூடிப்போவதே சில சமயம் ஆபத்து. பிரிட்டனில் வாழ்ந்த தெற்காசியப் பெண்ணொருவர் குளோர்புரோபமைட் மாத்திரையோடு பாகற்காய்க் கறியும் சாப்பிட்டதால் சர்க்கரை அளவு பாதிக்கப்பட்டதை லான்செட் இதழ் 1979இல் பதிவு செய்தது. உலோகம் சேர்ந்த செந்தூரம், பற்பம் வகைகள் வேறு சிக்கல்: 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் வாங்கிச் சோதித்த 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பெரும்பாலும் சிறுவயதிலேயே வரும் முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்திவிட்டு மூலிகையை நம்புவது உயிரைப் பணயம் வைப்பது.

வருமுன் காப்பதில்தான் பழைய மரபின் பலம் இருக்கிறது. அந்தப் பலம் மூலிகையில் இல்லை, பத்தியத்தில் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவுமுறையும் நடையும் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் பயன் இல்லை. தெற்காசியர் பருமனாகத் தெரியாத உடலோடும் நீரிழிவுக்கு ஆளாவதால் இந்தக் கணக்கு லாச்சப்பலுக்கு நேரடியாகப் பொருந்தும்.

பொருந்தாதது வேலை நேரம். 1980களில் வந்த இளைஞர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உணவகச் சமையலறை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையல்காரராக உயர்ந்தவர்கள் ஏராளம். மதிய வேலை முடிந்து சில மணிநேர இடைவெளி, பிறகு நள்ளிரவு வரை மறுபடி வேலை. கடைசி மெட்ரோவில் வீடு திரும்பித்தான் பிரதான சாப்பாடு, அதுவும் சோறு. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தாலும் அது சுசுருதர் சொன்ன நடையாகாது. அந்தத் தலைமுறை இப்போது அறுபதைத் தொடுகிறது. பிரெஞ்சுச் சமூகக் காப்புறுதி நீரிழிவை நீண்டகால நோய்ப் பட்டியலில் வைத்து அதற்கான சிகிச்சைச் செலவை முழுமையாக ஏற்கிறது. ஃபோபூர் சென் தெனித் தெருவின் 200ஆம் இலக்கத்தில் ஃபெர்னான் விதால் மருத்துவமனை. ரயில் நிலையத்தின் மறுபக்கத்தில் நீரிழிவுப் பிரிவு கொண்ட லாரிபுவாசியேர். அங்கே தரப்படும் உணவு அறிவுரை பகெத், பாஸ்தா, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் அளவில் பேசும்போது, வீட்டில் இருப்பதோ பிட்டு, இடியப்பம், சொதி. இந்த இடைவெளியை நிரப்ப எடுக்கப்படுவது அதே மளிகைத் தட்டிலிருந்துதான்: வெள்ளை மாவுக்குப் பதில் குரக்கன் மா, வெள்ளைப் பச்சரிசிக்குப் பதில் தவிடு நீக்காத சிவப்பரிசி. சிவப்பரிசி இடியப்பம் என்றாலும் எத்தனை சாப்பிடலாம் என்ற கணக்கு மாறாது. அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை இப்போது மருத்துவமனையின் உணவு ஆலோசகருக்கும், பெற்றோருக்கு மொழிபெயர்க்க உடன் போகும் பிள்ளைகளுக்கும் உரியதாகியிருக்கிறது.