வீட்டு உதவிச் சேவை (ஐக்கிய இராச்சியம்)

வீட்டு உதவிச் சேவை என்பது, முதுமை, நோய், உடற்குறை, மகப்பேறு முதலிய காரணங்களால் வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாதோருக்கு, ஐக்கிய இராச்சியத்தின் உள்ளூராட்சி மன்றங்கள் பணியாளரை அனுப்பி வழங்கிய சேவை ஆகும். கூட்டுதல், துடைத்தல், துணி துவைத்தல், கடைக்குச் சென்று வருதல் போன்றவை இதில் அடங்கின. 1990களில் இதன் இடத்தை இல்லப் பராமரிப்புச் சேவை பெற்றது. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல் முதலிய உடல்சார் பராமரிப்புக்கு அதில் முதலிடம் தரப்பட்டது. இதனால், எந்த வேலைகளுக்காகச் சேவை தொடங்கப்பட்டதோ அவையே பெரும்பாலும் விலக்கப்பட்டன.

வரலாறு

1918 ஆம் ஆண்டின் தாய்மார், குழந்தை நலச் சட்டத்தையொட்டி, பிள்ளை பெற்ற பெண்களின் வீடுகளுக்கு உதவியாளரை அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், இவ்வுதவி நோயாளருக்கும் முதியோருக்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய சுகாதார சேவைச் சட்டம், 1946 இதனை நிலைப்படுத்தியது. எனினும் அச்சட்டம் மன்றங்களுக்கு அதிகாரத்தை மட்டுமே அளித்தது, கடமையாக்கவில்லை.

சுகாதார சேவைகள், பொதுச் சுகாதாரச் சட்டம், 1968 இன் 13 ஆம் பிரிவே தேவைக்குப் போதுமான அளவில் வீட்டு உதவி வழங்குவதை மன்றங்களின் கடமையாக்கியது. அதே பிரிவு, அத்தகைய வீடுகளுக்குச் சலவை வசதி செய்து தரும் அதிகாரத்தையும் அளித்தது. சலவை சட்டத்தில் தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. சிறுநீர் அடக்க இயலாத ஒருவரின் வீட்டில் நாள்தோறும் சேரும் ஈர விரிப்புகளைத் துவைத்து உலர்த்த ஆளில்லாவிடில், அவர் வீட்டில் வாழ்வதே இயலாததாகிவிடும்.

பணிகள்

பணியாளர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக வேலை செய்த பெண்கள். தரை, சமையலறை, குளியலறை ஆகியவற்றைத் தூய்மை செய்தல், படுக்கை விரித்தல், துவைத்துத் தேய்த்து மடித்தல், ஓய்வூதியம் பெற்று வருதல் ஆகியன அவர்களது வழக்கமான பணிகள். நிலக்கரி அடுப்புக் காலத்தில் சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டுவதும் இவற்றுடன் சேர்ந்திருந்தது. தொடாத உணவு, நனைந்த படுக்கை, பிரிக்காத கடிதங்கள் போன்ற மாற்றங்கள் வாரந்தோறும் வருபவரின் கண்ணில் எளிதில் படும். இவ்விழிப்புக்கு நேர அட்டவணையில் இடம் இருந்ததில்லை.

அழுக்கான துணிகளைக் கையாளுதற்குச் சில நெறிகள் உண்டு. கையுறையும் மேலங்கியும் அணிய வேண்டும். மலம் அல்லது சிறுநீர் பட்ட துணிகளை உதறாமல் சுருட்டி எடுத்து, பிற துணிகளிலிருந்து பிரித்துத் துவைக்க வேண்டும். மருத்துவமனைச் சலவையகங்களில் 65 பாகை செல்சியசில் 10 நிமிடங்கள் அல்லது 71 பாகையில் 3 நிமிடங்கள் என்பது வெப்பத்தால் கிருமி நீக்கும் அளவாகும். வீடுகளில், துணி தாங்குமாயின், 60 பாகைச் சலவை பரிந்துரைக்கப்படுகிறது.

1997 ஆம் ஆண்டின் தீர்ப்புகள்

நிதி குறைக்கப்பட்டதைக் காரணம் காட்டி, குளோஸ்டர்சயர் மன்றம் 1994 இல் முதியவர் ஒருவருக்கு அளித்துவந்த துப்புரவு, சலவை உதவிகளை நிறுத்தியது. அவரது உடல்நிலையில் முன்னேற்றம் ஏதும் இல்லை. மறுமதிப்பீடு செய்யாமல் உதவியை நிறுத்தியது தவறு என 1995 இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் மதிப்பீட்டின்போது மன்றம் தன் நிதி நிலையைக் கருத்திற் கொள்ளலாமா என்ற கேள்வி, அப்போது உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் அவை வரை சென்றது. கருத்திற் கொள்ளலாம் என 1997 மார்ச்சில் மூவர் தீர்ப்பளித்தனர், இருவர் மறுத்தனர். பணம் குறைந்தால் உதவி குறையலாம், ஆனால் ஒருவரின் தேவை எவ்வாறு குறையும் என்பதே மறுப்பின் சாரம். வாதத்தின் வலு மறுத்தவர் பக்கமே கூடுதல் எனலாம்.

அதே ஆண்டு மே மாதம் பிரபுக்கள் அவை மற்றொரு சலவை வழக்கைத் தீர்த்தது. பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு, உடலியக்கம் தொடர்பான கவனிப்பு தேவை என்று காட்டப்பட வேண்டும். சிறுநீர் அடக்க இயலாத மூதாட்டி ஒருவரின் விரிப்புகளை அவர் இல்லாத வேறிடத்தில் துவைப்பது அத்தகைய கவனிப்பு ஆகாது என அவை முடிவு செய்தது. ஆக, துணி எங்கே துவைக்கப்படுகிறது என்பதும் பராமரிப்பின் எல்லையைத் தீர்மானிப்பதாயிற்று.

ஸ்காட்லாந்து இதில் வேறு வழியை மேற்கொண்டது. 65 அகவை கடந்தோருக்கு 2002 ஜூலை முதலும், ஏனைய வயது வந்தோருக்கு 2019 ஏப்ரல் முதலும் அங்கு உடல்சார் பராமரிப்பு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அடக்க இயலாமையால் வரும் சலவையும் விரிப்பு மாற்றலும் அதில் அடங்கும். வழமையான சலவைக்கும் துப்புரவுக்கும் கட்டணம் பெறப்படலாம். இதனால் ஒரே கூடையிலுள்ள இரு விரிப்புகள் வெவ்வேறு வகையில் சேரக்கூடும்.

இன்றைய நிலை

இங்கிலாந்தில் பராமரிப்புச் சட்டம், 2014 நடைமுறையில் உள்ளது. வாழத்தக்க நிலையில் வீட்டைப் பேணுதல், தகுந்த உடை அணிதல் உள்ளிட்ட பத்து அம்சங்களில் குறைந்தது இரண்டை ஒருவரால் நிறைவேற்ற முடியாதிருந்து, அது அவரது நலத்தைப் பெரிதும் பாதித்தால் மட்டுமே உதவிக்குத் தகுதி உண்டு. வீட்டைத் தூய்மையாக வைக்க இயலவில்லை என்பது மட்டும் போதாது. அத்தகையோர் தனியார் பணியாளரையோ, ஏஜ் யூகே போன்ற தொண்டு அமைப்புகள் சில பகுதிகளில் கட்டணத்திற்கு நடத்தும் வீட்டு உதவியையோ நாடுகின்றனர்.