வொப்பிங்குக்குப் போகாத ஆக்கள்

வேலை செய்யிற இடத்துக்குப் புது முதலாளி வாறார் எண்டால், முதல் கிழமை எல்லாரும் இதைத்தான் கதைப்பினம்: இருக்கிறதா, போறதா? ஆறு மாதம் வேலை செய்த இடம் எண்டால் பெரிய யோசனை இல்லை. பதினைஞ்சு வருஷம் இருந்த இடம் எண்டால் கதை வேறை.

1980களில் லண்டன் பத்திரிகையாளர்களுக்கு இந்தக் கேள்வி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் முதலாளி ஒருவர்தான்: ரூபேர்ட் மேர்டொக். ஆனால் விலகிய ஆக்கள் விலகிய காரணம் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலாவது கதை ஹரல்ட் இவான்ஸினுடையது. ரயில் ஓட்டுநர் ஒருவரின் மகன். 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வாரப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். 1967இல் 'சண்டே ரைம்ஸ்' ஆசிரியரானார், 14 வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். தாலிடொமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் எடுத்ததால் கைகால் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளுக்கு நியாயமான நட்டஈடு வேண்டும் என்று 1972இல் அவர் தொடங்கிய பிரசாரம்தான் அந்தப் பத்திரிகையின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கட்டுரையை வெளியிட நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரைக்கும் போய் 1979இல் பத்திரிகை வென்றது. அந்த ஏழு வருடமும் பழைய முதலாளிகளான தொம்சன் குடும்பம் இவான்ஸின் வேலையில் கை வைக்கவில்லை.

அதே தொம்சன் குடும்பம் 1981இல் 'ரைம்ஸ்', 'சண்டே ரைம்ஸ்' இரண்டையும் 12 மில்லியன் பவுணுக்கு மேர்டொக்குக்கு விற்றது. ஏற்கெனவே 'சன்', 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' இரண்டும் மேர்டொக்கின் கையில். இத்தனை பத்திரிகை ஒரே ஆளிடம் போகலாமா என்று ஏகபோக ஆணைக்குழு விசாரிக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அரசாங்கம் விசாரணைக்கு அனுப்பவில்லை. விற்பனைக்கு முன்னர், 1981 ஜனவரியில், பிரதமர் தட்சரும் மேர்டொக்கும் இரகசியமாகச் சந்தித்துச் சாப்பிட்ட விஷயம் 2012இல்தான் வெளியில் வந்தது.

விசாரணைக்குப் பதிலாக வந்தது எழுத்துமூல உத்தரவாதம். ஆசிரியருக்கு முதலாளி கட்டளை போட மாட்டார், சுயாதீன இயக்குநர்களின் சம்மதம் இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது என்றெல்லாம் அதில் இருந்தது. அதை நம்பி இவான்ஸ் 'ரைம்ஸ்' ஆசிரியர் பதவியை ஏற்றார். ஒரு வருடம்தான். 1982 மார்ச்சில், தகப்பனின் இறுதிச்சடங்கு முடிந்த அடுத்த நாள், மேர்டொக் அவரைக் கூப்பிட்டு இராஜினாமா கேட்டார். ஒரு கிழமை தாக்குப்பிடித்துவிட்டு இவான்ஸ் விலகினார். உத்தரவாதக் கடதாசி அப்படியேதான் இருந்தது. அதைக் கையில் எடுத்துச் சண்டை பிடிக்கத்தான் ஆளில்லை. பதவி ஆசையில் தன் நிதானம் தவறிவிட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

இது மேலிருந்த ஒருவரின் கதை. இரண்டாவது கதையில் ஆக்கள் அதிகம், பெயர் குறைவு.

லண்டன் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் பிளீற் வீதியிலும் அதைச் சுற்றியும் அச்சாகின. ஈய எழுத்தைக் கோத்து அச்சடிக்கிற பழைய முறை. கணினி வந்துவிட்டது, ஆனால் அச்சுத் தொழிற்சங்கங்கள் அதை உள்ளே விடவில்லை. சங்கங்களை நல்லவர்களாக மட்டும் காட்டுவதும் சரியில்லை. யாரை வேலைக்கு எடுப்பது என்பதையே அவை தீர்மானித்தன. தேவைக்கு மேல் ஆக்கள் இருந்தார்கள். தகராறு முற்றி 'ரைம்ஸ்' 1978 டிசம்பரில் இருந்து ஏறத்தாழ 11 மாதம் மூடிக் கிடந்தது. எழுதியது அச்சேறாமல் போன இரவுகளைப் பத்திரிகையாளர்கள் மறக்கவில்லை. அந்தக் கோபம் பின்னர் மேர்டொக்குக்கு உதவியது.

கிழக்கு லண்டனில் வொப்பிங் என்ற இடத்தில் மேர்டொக் புதிய அச்சகம் ஒன்றைக் கட்டினார். புதிதாக ஒரு மாலைப் பத்திரிகை வரப்போகிறது என்று சொல்லப்பட்டது. உள்ளே இரகசியமாக நான்கு பத்திரிகைகளுக்குமான கணினிகள் இறங்கின, மின் தொழிலாளர் சங்கத்தின் மூலம் வேறு ஆக்கள் பழக்கப்பட்டார்கள். 1986 ஜனவரி 24 அன்று அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இறங்கியதுமே ஏறத்தாழ 5,500 பேர் பணிநீக்கம். அச்சுக்காரர் மட்டுமில்லை, எழுதுவினைஞர், சுத்திகரிப்புத் தொழிலாளர்களும் அதில் அடக்கம். ஆக்களை நீக்க மலிவான நேரம் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கும்போதுதான் என்று சட்டத்தரணிகள் முன்கூட்டியே கடிதத்தில் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அப்படி நீக்கினால் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை.

இப்போது பத்திரிகையாளர்களின் முறை. வொப்பிங்குக்கு வந்தால் வருடத்துக்கு 2,000 பவுண் சம்பள உயர்வும் தனியார் மருத்துவக் காப்புறுதியும். வராவிட்டால் வேலை இல்லை. யோசிக்க ஒரு சில நாள்தான். போக வேண்டாம் என்று அவர்களின் தேசிய சங்கம் சொன்னது. ஆனாலும் பெரும்பான்மையானோர் போனார்கள். வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அச்சுக்காரரில் பழைய கோபமும் இருந்தது. அவர்களைத் துரோகிகள் எண்டு நாங்கள் இங்கை இருந்து சொல்லுறது லேசு.

ஆனால் சிலர் போகவில்லை. அவர்களுள் ஒருவர் 'சண்டே ரைம்ஸ்' இலக்கியப் பக்கங்களின் ஆசிரியர் கிளெயார் ரொமலின். அவரது கணவர் நிக்கொலஸ் அதே பத்திரிகையின் நிருபராக 1973 அரபு-இஸ்ரேல் போரைப் பார்க்கப் போன இடத்தில் கொல்லப்பட்டவர். அந்தப் பத்திரிகையோடு அவருக்கு இருந்தது சம்பள உறவு மட்டுமில்லை. இருந்தும் 1986இல் விலகினார். பின்னர் வாழ்க்கை வரலாற்று நூல்களை எழுதிப் பெயர் பெற்றார்.

இவர்களை மேர்டொக் வெளியே போகச் சொல்லவில்லை, கூடுதல் சம்பளத்துக்குத்தான் கூப்பிட்டார். தெருவில் நின்ற 5,500 பேரைக் கடந்து உள்ளே போகும் வேலை தங்களுக்கு வேண்டாம் என்பதுதான் அவர்களின் பதில். இவான்ஸ் தன் பத்திரிகையின் சுதந்திரத்துக்காகச் சண்டை பிடித்து வெளியேறினார். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் தன்னோடு அதிகம் ஒத்துப்போகாத இன்னொரு தொழிலாளிக்காக நல்ல வேலையை விடுவது அதைவிட அரிது.

விலகியதால் மேர்டொக் தோற்றாரா? இல்லை. வொப்பிங் வாசலில் ஒரு வருடத்துக்கு மேல் மறியல் நடந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள், லொறிகளில் பத்திரிகை போய்க்கொண்டே இருந்தது. 1987 பெப்ரவரியில் சங்கங்கள் கைவிட்டன. மற்றப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாகப் பிளீற் வீதியை விட்டுப் போயின. 1986 ஒக்ரோபரில் தொடங்கிய 'இன்டிபென்டன்ற்' பத்திரிகை, வொப்பிங்கை விட்டு வந்த பலருக்கு இடம் கொடுத்தது. எழுதத் தெரிந்தவருக்கு வேறு மேசை கிடைத்தது. ஈயம் கோத்த கைகளுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அந்தத் தொழிலே முடிந்துவிட்டது.

எங்களில் கனபேர் இப்பதான் முதல் வேலைக்குப் போறம். நாளைக்கு நிர்வாகம் மாறும், கையில் ஒரு கடதாசி தருவினம். அதில் எங்களுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு எல்லாரும் வாசிப்பம். பக்கத்து மேசைக்காரருக்கும் கூட்டித் துடைக்கிற அக்காவுக்கும் என்ன எழுதியிருக்கு எண்டும் கேட்கப் பழகவேணும். இருக்கிறதா, போறதா எண்ட முடிவை அதுக்குப் பிறகு எடுக்கலாம்.