தொகுத்தறிதலும் நிகழ்தகவும்

கண்டவற்றைக் கொண்டு காணாததைத் துணிவது தொகுத்தறிதல். இலங்கையில் உயர்தர மாணவர் இதனை ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ பாடத்தில் படிக்கின்றனர். மணிமேகலையின் 27ஆம் காதை கருத்தளவை, அதாவது அனுமானத்தை, மூன்று வகையாக்குகிறது: காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென்பது பொது, வெள்ளம் கண்டு மேலே மழை பெய்ததென்பது எச்சம், கருமுகில் கண்டு மழை வருமென்பது முதல். கடைசி வகை எத்தனை முறை ஏமாற்றும் என்பதை மட்டக்களப்பு வாவியில் வலை வீசுவோர் நன்கறிவர்.

இறந்தகாலம் எதிர்காலத்துக்குப் பிணை நிற்காது என்றார் ஹியூம் (1739). லாப்லாஸ் அந்த ஐயத்துக்கு எண் கொடுத்தார்: ஒன்று n ஆண்டுகள் நிகழாதிருந்தால், அடுத்த ஆண்டு நிகழும் வாய்ப்பு 1/(n+2). கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஆரையம்பதியில் 100 ஆண்டுகள் சுனாமி இல்லையென்று கொண்டால் விடை 1/102. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தது. அதனால் மட்டும் சூத்திரம் பொய்த்துவிடவில்லை. ஆண்டுகளை எண்ணுமே தவிர, சுமாத்திராவுக்கு அப்பால் புவித்தட்டுகளில் ஏறிவந்த அழுத்தம் அதற்குத் தெரியாது என்பதே உண்மையான குறை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வேறு வகை: வங்கக் கடல் புயல்களுக்குப் பதிவுகள் ஏராளம், ஆகவே அவற்றுக்கான நிகழ்தகவைச் சற்றுக் கூடுதலாகவே நம்பலாம்.