வாராவாரம் வளர்ந்த நாவல்

தமிழ் நாவலாசிரியரின் தொழில் நெடுங்காலம் பத்திரிகையை அண்டியே நடந்தது. 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நேரே புத்தகமாக வந்தது; அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர், எழுத்தை நம்பிப் பிழைத்தவரல்லர். பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. தொடங்கும்போது அவருக்கு வயது 21.

தொடர்கதைக்கு வார ஓட்டத்தைக் கொடுத்தது ‘ஆனந்த விகடன்’. எஸ். எஸ். வாசன் 1928இல் அதை வாங்கியபின் எழுத்தாளர் கல்கி அதில் சேர்ந்தார். 1937இல் அவருடைய ‘கள்வனின் காதலி’ வந்தது. அடுத்து வந்த ‘தியாக பூமி’க்கு, அப்போது தயாரிப்பில் இருந்த திரைப்படத்தின் புகைப்படங்களே சித்திரங்களாக வெளியாயின.

வாரத் தொடரில், அச்சாகி வாசகர் கைக்குப் போன அத்தியாயத்தைத் திருத்த வழியில்லை. முடிவை எழுதும் முன்பே தொடக்கம் ஊரெங்கும் பேசப்பட்டுவிடும். ஒவ்வொரு இதழும் அடுத்த வாரத்துக்கு ஆவலை மிச்சம் வைக்க வேண்டும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வந்த அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ இந்த நெருக்கடியையே பலமாக்கிக்கொண்டது. அதன் நாயகன் வந்தியத்தேவன் ஓரிடத்தில் தங்காத வழிப்போக்கன். வீராணம் ஏரிக்கரையில் தொடங்கி கடம்பூர், குடந்தை, தஞ்சை என்று அவன் போகும் இடமெல்லாம் புதிய ஆளும் புதிய சிக்கலும் எதிர்ப்படுகின்றன. வாரத் தொடருக்கு இவனைவிடப் பொருத்தமான நாயகன் அமைவது கடினம். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டபோது, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி முடிவுரையில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் 1954 டிசம்பரில் காலமானபோது பாதியில் நின்ற ‘அமரதாரா’வை, அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

வாசகர் தலையீடு எழுத்தைக் கெடுத்தது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. 1966இல் விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதைக்குக் கண்டனங்கள் குவிந்தன. கதையில் மகளை மன்னித்து ஏற்கும் தாய் அப்படி மன்னிக்காமல் இருந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. ‘தினமணி கதிர்’ இதழில் தொடராக வந்த அந்த நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

சிற்றிதழ்களின் நிலை வேறு. அவற்றில் சன்மானம் அரிது, இதழே நின்றுபோவதும் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘சரஸ்வதி’யில் சில அத்தியாயங்களோடு நின்று, 1966இல்தான் முழு நூலாயிற்று. கெடுவின் அவசரம் அதில் இல்லை. அந்த நிதானம் நடையில் தெரிகிறது.

1969இல் தொடங்கிய ‘ராணிமுத்து’ முழு நாவலையும் ஒரே இதழில் மலிவு விலைக்குக் கொடுத்தது. பின்னர் வந்த மாத நாவல்களும் அதே வழியில் நடந்தன. 1990களில் தொலைக்காட்சித் தொடர்கள் வீடுகளைப் பிடித்துக்கொள்ள, வார இதழ்களில் தொடர்கதைக்கான பக்கங்கள் சுருங்கின. இன்று பெரும்பாலான நாவல்கள் முழுதாக எழுதி முடிக்கப்பட்டு நேரே பதிப்பகத்துக்குப் போகின்றன.