ஹோட்டல் ரூம் கூரையில் இருக்கும் சிவப்பு கண்ணாடி... ஹேங்கர் மாட்டினால் என்ன ஆகும்? ஸ்பிரிங்க்ளர் எப்படி வேலை செய்கிறது? முழு விளக்கம்!

மால், தியேட்டர், ஹோட்டல், ஐ.டி. அலுவலகம் என எங்கே போனாலும் கூரையைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சின்னதாக ஒரு உலோகப் பூ, அதன் நடுவில் விரல் நகம் அளவுக்கு சிவப்பு நிறக் கண்ணாடி. இதுதான் ஃபயர் ஸ்பிரிங்க்ளர். இதற்குள் கரண்ட், பேட்டரி, சென்சார் எதுவும் கிடையாது. ஆனாலும் நள்ளிரவில் யாருமே இல்லாத அறையில் தீப்பிடித்தால், முதலில் தண்ணீர் ஊற்றப்போவது இதுதான்.

அந்தக் கண்ணாடிக்குள் என்ன இருக்கு?

வெப்பம் பட்டால் வேகமாக விரியும் ஒரு திரவமும், ஒரு குட்டி காற்றுக் குமிழும்தான். குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை ஒரு மூடி தடுத்து வைத்திருக்கும். அந்த மூடியைத் தாங்கிப் பிடிப்பது இந்தக் கண்ணாடி.

தீயின் வெப்பம் கூரைக்கு ஏறும்போது திரவம் விரிகிறது, குமிழ் மறைகிறது, கண்ணாடி உடைகிறது. மூடி தெறித்து விழ, தண்ணீர் கொட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

கண்ணாடியின் நிறம் சும்மா அழகுக்கு இல்லை. எத்தனை டிகிரியில் உடையும் என்பதை அது சொல்கிறது.

ஆரஞ்சு - 57 டிகிரி செல்சியஸ்
சிவப்பு - 68 டிகிரி
மஞ்சள் - 79 டிகிரி
பச்சை - 93 டிகிரி
நீலம் - 141 டிகிரி

அந்த இடத்தில் வழக்கமாக இருக்கும் அதிகபட்ச வெப்பத்தைவிட சுமார் 30 டிகிரி கூடுதலாக இருக்கும்படி நிறத்தைத் தேர்வு செய்வார்கள். அலுவலகத்தில் சிவப்பும், சூடான சமையல்கூடத்தில் மஞ்சள் அல்லது பச்சையும் இருப்பது இதனால்தான்.

சினிமாவில் காட்டுவது உண்மையா?

ஹீரோ ஒரு லைட்டரைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை பெய்யும். நிஜத்தில் அப்படி நடக்காது. எந்த ஸ்பிரிங்க்ளர் சூடாகிறதோ அது மட்டும்தான் திறக்கும். பெரும்பாலான தீ விபத்துகளில் ஒன்றோ, ஒரு சிலவோ திறந்தாலே தீ அடங்கிவிடும். சிகரெட் புகைக்கும் இது அசையாது. புகையைக் கண்டுபிடிப்பது ஸ்மோக் டிடெக்டர். அது வேறு கருவி.

இன்னொரு விஷயம்: முதலில் வரும் தண்ணீர் சுத்தமாகவும் இருக்காது. வருஷக்கணக்கில் குழாயிலேயே தேங்கி நிற்பதால் கறுப்பாக வரும்.

உலோகப் பூவுக்கு என்ன வேலை?

மூடி திறந்ததும் தண்ணீர் ஒரே தாரையாக வந்தால், நேர் கீழே உள்ள ஒரு இடம் மட்டும்தான் நனையும். பூ போன்ற அந்தத் தகடுதான் 'டிஃப்ளெக்டர்'. தண்ணீர் அதில் மோதி, குடை விரித்ததுபோல் சுற்றிலும் சிதறும். பெரிய துளிகள் தீக்குள் இறங்கும். சின்னத் துளிகள் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். 20 டிகிரி தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவைப்படும் வெப்பத்தைவிட, அதே தண்ணீரை ஆவியாக்க 6 மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் முழுவதும் தீயிலிருந்தே போகிறது.

அதிகம் பயன்படும் வகை ஸ்பிரிங்க்ளர், 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தண்ணீர் தரும். அழுத்தத்தை 4 மடங்கு கூட்டினால் தண்ணீர் 2 மடங்குதான் கூடும்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி, 1874-ல் தன் தொழிற்சாலையைக் காப்பாற்ற இப்படி ஒரு கருவியைப் பொருத்தினார். பின்னர் ஃபிரெடெரிக் கிரின்னெல் அதை மேம்படுத்தினார்.

கேஸ் டேங்க், கூலிங் டவரிலும் இதே டெக்னிக்!

எல்.பி.ஜி. டேங்குகளைச் சுற்றி வரிசையாக நாசில்கள் இருக்கும். இவற்றில் கண்ணாடி கிடையாது. வால்வு திறந்ததும் எல்லாமே ஒன்றாகப் பீய்ச்சும். தீயை அணைப்பதைவிட டேங்கைக் குளிர வைப்பதுதான் இங்கே முக்கியம். டேங்கின் மேல்பகுதியில் திரவம் இருக்காது என்பதால் அங்கே இரும்பு சீக்கிரம் சூடாகி பலம் இழக்கும், டேங்க் வெடிக்கும். 1966-ல் பிரான்ஸின் ஃபெய்சான் சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இதுதான்.

அனல் மின் நிலையக் கூலிங் டவரிலும் சூடான தண்ணீரை நாசில்கள் சமமாகத் தெளிக்கும். ஒரு பகுதி ஆவியாகி, மீதித் தண்ணீர் குளிரும். நாசில் அடைத்துக்கொண்டால் அந்த இடம் காய்ந்து, குளிர்ச்சி குறையும்.

அப்புறம் ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை?

ஸ்பிரிங்க்ளருக்குக் கரண்ட் வேண்டாம். ஆனால் அதற்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். அமெரிக்காவின் தேசிய தீ பாதுகாப்பு சங்கத்தின் புள்ளிவிவரங்களில், ஸ்பிரிங்க்ளர் செயல்படாமல் போனதற்கு முதலிடத்தில் இருக்கும் காரணம் ரொம்ப சாதாரணமானது: யாரோ வால்வை மூடி வைத்திருந்தார்கள். ரிப்பேருக்காக மூடியவர்கள் திறக்க மறந்திருப்பார்கள். மற்ற தவறுகளும் நாம் செய்வதுதான்:

* பெயின்ட்: சுவருக்கு அடிக்கும்போது ஸ்பிரிங்க்ளர் மீதும் பட்டால், உடைய வேண்டிய நேரத்தில் உடையாது. துடைத்தால் போதாது, மாற்றியே ஆக வேண்டும்.
* அடுக்கி வைப்பது: குடோனில் கூரை வரை பெட்டிகளை அடுக்கினால் தண்ணீர் விரியாது. குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி வேண்டும்.
* பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங்: கடையை மாற்றிக் கட்டும்போது ஸ்பிரிங்க்ளர் மறைந்துபோனால் அது இருந்தும் பயனில்லை.
* ஹேங்கர்: ஹோட்டலில் துணி மாட்டினால் கண்ணாடி உடையலாம். உடைந்தால் மெயின் வால்வை மூடும்வரை தண்ணீர் நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

எந்தக் கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் தேவை என்பதை, உயரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்து இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 வரையறுக்கிறது. எப்படிப் பொருத்த வேண்டும் என்பதை ஐ.எஸ். 15105 என்ற தரநிலை சொல்கிறது.

லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் 2017-ல் எரிந்தபோது 72 பேர் இறந்தனர். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியக்கூடிய பலகைகளே தீ பரவ முக்கியக் காரணம். அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளரும் இல்லை. இதற்குப் பிறகு இங்கிலாந்தில், 30 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு மட்டும் இருந்த ஸ்பிரிங்க்ளர் கட்டாயம், 2020-ல் 11 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் அபார்ட்மென்ட்டிலோ அலுவலகத்திலோ ஸ்பிரிங்க்ளர் இருந்தால், பராமரிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மெயின் வால்வு திறந்திருக்கிறதா? ஃபயர் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா? கரண்ட் போனால் பம்ப் எதில் ஓடும்? மூன்றுக்கும் உடனே பதில் வரவில்லை என்றால், கூரையில் ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.