இலையின் மேல்பாதி

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் வட்டாரத்துக் கல்யாணப் பந்தியில் தலைவாழை இலையின் மேல்பாதி கறிகளுக்கு, கீழ்பாதி சோற்றுக்கு. இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கும். உப்பு, உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), இஞ்சிக்கறி, நாரத்தங்காய் ஊறுகாய் எல்லாம் அந்த நுனியில் தொடங்கும். பச்சடி, கிச்சடி, ஓலன், எரிசேரி, துவரன் (தேங்காய்ப் பொரியல்), அவியல் என்று வரிசை வலப்பக்கம் நகரும். நுனியில் விழுபவை விரலால் தொட்டுக்கொள்ளும் அளவுதான். அவியலும் துவரனும் அப்படியல்ல. அந்த வாளிகள் பந்தியைச் சுற்றித் திரும்பி வரும், கேட்டவருக்கு இன்னொரு கரண்டி விழும்.

சோறு ஒரேயடியாகக் குவிக்கப்படுவதில்லை. பருப்புக்கும் நெய்க்கும் கொஞ்சம், சாம்பாருக்குக் கொஞ்சம், கடைசியில் மோருக்குக் கொஞ்சம் என்று தவணையாக வரும். ஒவ்வொரு தவணையிலும் உண்பவர் இலைக்கு மேலே கையை விரித்து நிறுத்திக்கொள்ளலாம். விளம்புகிறவர் வற்புறுத்துவது மரியாதை. கை விரித்தபின் விளம்பாமல் நகர்வதும் மரியாதையே. அளவோடு உண்பதற்குத் திருக்குறள் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. அந்த அளவைக் கண்டுகொள்ளப் பந்தி தரும் வழி இந்தத் தவணைமுறை.

பந்திச் சாப்பாடு இப்பக்கம் இவ்வளவு ஒழுங்கு பெற்றதில் இப்பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசுக்கும் கோயில்களுக்கும் பெரும் பங்கு உண்டு. குலசேகரத்துக்குத் தெற்கே, தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரை (உணவுக்கூடம்) இன்றும் நிற்கிறது. இரண்டு தளங்கள் கொண்ட அந்த நீண்ட கூடத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். ஊறுகாய்க்கான பெரிய பரணிகளும் அங்கே காட்சிக்கு உள்ளன. ஆனால் திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளில் அரசுச் செலவில் இலை போடப்பட்டது பிராமணர்களுக்கே. நெல்லையும் காயையும் விளைவித்தவர்கள் அந்தக் கூரைக்கு வெளியே நின்றார்கள் என்பதை மறைத்துவிட்டு அந்தக் கூடத்தின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது.

அவியலின் பிறப்பை மக்கள் இந்த அரச விருந்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தொடங்கிய முறைஜபம் என்னும் வேதபாராயணம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும். அதன் கடைசி நாளில் கறி போதாமல் போக, மிஞ்சிக் கிடந்த காய்த்துண்டுகளையெல்லாம் ஒன்றாக வேகவைத்துத் தேங்காய் அரைத்துச் சேர்த்தார்களாம். இது செவிவழிக் கதை. பீமன் ஆக்கியது என்றும் ஒரு கதை உண்டு. இரண்டில் எது என்றாலும், பற்றாக்குறையில் கைகொடுத்த கறி என்ற நினைவு அவியலோடு ஒட்டியிருக்கிறது.

செய்முறையும் அதற்குப் பொருந்துகிறது. கல்யாணத்துக்கு முந்தின இரவு நடக்கும் காய்கறி வெட்டில் அக்கம்பக்கத்தார் கத்தியோடு வந்து உட்காருவார்கள். சேனை, ஏத்தங்காய், தடியங்காய் (வெண்பூசணி), வழுதலங்காய் (கத்தரிக்காய்), முருங்கைக்காய், பயறு எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கப்பட்டு ஓலைப்பாயில் குவியும். தவசிப்பிள்ளை (சமையல்காரர்) அவற்றை அதிகத் தண்ணீர் விடாமல் வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாயைக் கரகரப்பாக அரைத்துச் சேர்ப்பார். புளிப்புக்குத் தயிரோ மாங்காயோ சேரும். இறக்கும்போது கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும். எந்தக் காய் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கறி கெடாது.

விருந்தை விட்டு அன்றாடச் சாப்பாட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. வழக்கில் மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்றாலும், பழைய நாஞ்சில் நாடு தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களின் வயல்நிலம். குலசேகரமோ முன்பு கல்குளம் தாலுகாவைச் சேர்ந்த மலையடிவாரம்; 2019 முதல் திருவட்டார் தாலுகாவில் இருக்கிறது. 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை பக்கத்திலேயே இருந்தும், அதன் நீர் பெரும்பாலும் தாழ்நிலத்து நெல்லுக்கே பாய்ந்தது. மேட்டில் இருந்தவை விளைகள் (தோட்ட நிலங்கள்). பலா, மரச்சீனி (மரவள்ளி), காய்ச்சில், சேம்பு, சிறுகிழங்கு, முருங்கை எல்லாம் அங்கே விளைந்தன. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளின் பசியைத் தாங்கியது அந்தக் கிழங்குதான்.

இந்த மேட்டுநில வீடுகளில் சோறு அளந்து வைக்கப்பட்டது, கறி தாராளமாக வைக்கப்பட்டது. கஞ்சிக்குப் பலாவிலையைக் கோட்டி, ஈர்க்கு குத்திக் கரண்டியாக்கிக் கொள்வார்கள். பக்கத்தில் பயற்றுத் துவரனோ பிஞ்சுப் பலாவின் இடிச்சக்கைத் துவரனோ இருக்கும். அரிசி குறைந்த நாளில் துவரன் கூடும். மிதமாக உண்பது இங்கே முதலில் இல்லாமையிலிருந்து வந்தது. நோன்பாகவோ மருத்துவமாகவோ வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் பரவப் பரவ விளைகள் சுருங்கின. ரப்பர் நிழலில் முருங்கையோ பயறோ தழைப்பதில்லை. கையில் காசு வந்தது, காய் சந்தையில் வாங்கும் பொருளானது. 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னும் சமையல் மாறவில்லை; துவரனும் எரிசேரியும் அப்படியே நின்றன. ஆனால் ரேஷன் அரிசி எளிதாகக் கிடைத்தபின் தட்டில் சோறு ஏறியது, கறி ஓரத்துக்கு ஒதுங்கியது.

ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்கிறது. தட்டின் பாதி இவற்றுக்கே. இலையின் மேல்பாதி நினைவுக்கு வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய் 1 கிராமுக்கு 9 கலோரி. அதனால் உப்பேரியும் எரிசேரியில் வறுத்துக் கொட்டும் தேங்காயும் காய்க் கணக்கில் சேரா. கிழங்குக் கறிகள் மாவுச்சத்தில் சோற்றுக்குப் பக்கத்தில் நிற்பவை. சோற்றைக் குறைத்துக்கொண்டு மறுமுறை வாங்க ஏற்றவை கீரைத் துவரன், பயற்றுத் துவரன், தடியங்காய் ஓலன், தேங்காய் அதிகம் சேராத அவியல். பந்தியைச் சுற்றித் திரும்பி வரும் வாளிகளில் இருப்பவையும் துவரனும் அவியலும்தான்.