விருத்தாப்பியமும் விருப்பமும்

கொல்லிமலையடிவாரத்துப் புளியஞ்சோலையில் ஐயாற்று நீராடித் திரும்புகிறவர்கள், ஆகாய கங்கை அருவியை நோக்கி ஏறும் காட்டுப் பாதையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மோட்டார் சாலை வருமுன் கொல்லிமலை மக்கள் உப்புக்கும் வைத்தியத்துக்கும் இத்தகைய பாதைகளின் வழியேதான் சமவெளிக்கு இறங்கினார்கள். நடக்கவியலாதவர்களை டோலியில் சுமந்தார்கள்.

அந்த மலையில் கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் தொண்டு புரிந்து, 1929-இல் அவரைக் கறுநீர்க் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, பின்னர் சமவெளிக்கு அனுப்பப்பட்ட ஈவ்லின் பிராண்ட் அம்மையார், 1947-இல் அறுபத்தெட்டுப் பிராயத்தில் மீண்டும் மலைக்குச் செல்ல அனுமதி வேண்டியபோது, அவருடைய மிஷன் சங்கத்தார் வயதைக் காரணங்காட்டி மறுத்துவிட்டனர். இன்னும் ஓராண்டு மட்டும் தென்னாட்டில் பணியாற்ற அவர்களிடம் இசைவு பெற்ற அம்மையார், அந்த ஆண்டு முடிந்ததும் ஓய்வு பெற்றுச் சங்கத்தின் ஆணையினின்றும் விடுபட்டு, தம் விருப்பப்படியே மலையேறினார். பின்னாளில் இடுப்பெலும்பு முறிந்தபோது மலைவாசிகள் கட்டிலில் வைத்து அவரைக் கீழே சுமந்து வந்தனர். தொழுநோயாளரின் கைகளுக்குச் சஸ்திர சிகிச்சை செய்து புகழ் பெற்ற மகன் பால் பிராண்ட், இனியேனும் ஓய்ந்திருக்கும்படி மன்றாடினார். அன்னையோ இரு கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரை ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். 1974-இல் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

அவர் பிறர் உதவியின்றி வாழ்ந்தாரென்று கருதுதல் பிழை. சுமந்த தோள்களும் தாங்கிய கரங்களும் என்றும் உடனிருந்தன. ஆனால் அவை அவர் போக விரும்பிய திசையிலேயே அவரைக் கொண்டுசென்றன. முதியோர் சம்ரட்சணையின் சாரம் இதுவே என்பது என் துணிபு.

1962-இல் சென்னை ராஜ்யம் மாதம் 20 ரூபாய் முதியோர் பென்ஷன் வழங்கத் தொடங்கியதன் பெருமையும் இதில்தான் உள்ளது: சிறு தொகையாயினும், அதைச் செலவிடும் சுதந்திரம் அதைப் பெறுகிறவருடையது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம், மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேருக்கேனும் இடமுள்ள இல்லம் அமைக்க வழிகோலிற்று. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவர் அவ்வாக்குத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கவும் இடமளித்தது. படுக்கையும் உணவும் மருந்தும் இவ்வாறு சட்டத்தின் கவனத்துக்கு வந்துவிட்டன. எனினும் எப்போது துயிலெழுவது, எவரோடு அறையைப் பகிர்வது, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வருவதா என்பனவற்றை இன்றும் பல இல்லங்களில் நிர்வாகிகளே தீர்மானிக்கிறார்கள். சேர்வதையே பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள்.

தாயையோ தந்தையையோ ஓர் இல்லத்தில் சேர்க்க எண்ணுகிறவர்கள், முதலில் அவரையே அங்கு அழைத்துச் சென்று காட்டி, வேண்டாமென்று அவர் சொன்னால் திரும்ப அழைத்து வரச் சித்தமாயிருங்கள்.